இரண்டு கைத் தவிடு

எனக்கு முன்னால் பிறந்த இரண்டும் தங்கவில்லை. இரண்டும் ஆண். ஒன்று பதினோரு நாள் இருந்தது. இன்னொன்று மூன்று மாதம். அதனால் நான் பிறந்ததும் என்னை விற்றுவிட்டார்கள்.

விற்றது தவிட்டுக்கு. பிள்ளை தங்காத வீட்டில் அப்படி ஒரு வழக்கம் உண்டு. பிறந்த பிள்ளையை முறத்தில் போட்டு, பிள்ளைகுட்டி நிறைய உள்ள ஒருத்தி முன்னால் வைப்பார்கள். அவள் இரண்டு கை தவிடு கொடுத்துப் பிள்ளையைத் தூக்கிக்கொள்வாள். அதோடு அது அவள் பிள்ளை. பிறகு பெற்றவர்கள் அதே தவிட்டைக் கொண்டுபோய்க் கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். அப்படி வாங்கின பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது என்று நம்பிக்கை. எனக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதற்கு மேல் எனக்குத் தெரியாது.

என்னை வாங்கியது எங்கள் வரிசையில் கடைசி வீட்டுப் பால்காரம்மா. கன்னடக்காரி. ஏழு பெற்று ஏழும் உயிரோடு இருந்தன. மாடு இருந்ததால் தவிட்டுக்கும் பஞ்சமில்லை. ஒரு காப்பி குடிக்கிற நேரம் என்னை மடியில் வைத்திருந்தாளாம். அப்பா தவிட்டோடு போய் நின்றதும் தரமாட்டேன் என்று விளையாட்டுக்குச் சொன்னாளாம். அப்பா அழுதுவிட்டாராம். நான் பாலுக்குப் போகும்போதெல்லாம் தமிழும் கன்னடமுமாக அதையே சொல்வாள்.

"ஏ தௌடு, நீ என் மகள்டி. உங்கப்பன் அழுது ஏமாத்தித் தூக்கிட்டுப் போயிட்டான்."

தௌடு என்றால் கன்னடத்தில் தவிடு. தெருவில் எனக்கு அதுதான் பேர். பள்ளிக்கூடத்துக்கும் அந்தப் பேர் வந்து சேர்ந்துவிட்டது. பையன்கள் என்னைப் பார்த்தால் மாடு மாதிரிக் கத்துவார்கள். எனக்கு அதில் வருத்தம் இருந்ததாக ஞாபகம் இல்லை. விற்றார்கள், வாங்கினார்கள். கணக்கு தீர்ந்தது.

நாங்கள் மைசூரில், அக்ரஹாரத்துக்குப் பின்பக்கம் ஒரு லைன் வீட்டில் இருந்தோம். ஒரே ஓட்டுக் கூரைக்குக் கீழே ஒன்பது குடும்பம். குடும்பத்துக்கு ஒரு அறை. அப்பா அம்மா இரண்டு பேருக்கும் ஊர் கொள்ளேகால் பக்கம். கல்யாணமான வருஷமே கட்டட வேலைக்கு இங்கே வந்துவிட்டார்கள். நான் சொல்லப்போவது தொண்ணூற்று நாலோ ஐந்தோ. எனக்கு ஒன்பது வயது. நாலாவது படித்தேன்.

அந்த வருஷம் அப்பா சாரத்திலிருந்து விழுந்தார். இடுப்பில் அடி. உயிர் இருந்தது, எழுந்திருக்க முடியவில்லை. கட்டிலில் சுவரைப் பார்த்தபடி படுத்திருப்பார். சுவரில் என்ன பார்த்தார் என்று தெரியாது.

அம்மா வீட்டிலேயே ஊதுவத்தி உருட்டினாள். கரித்தூளும், பசை மாதிரி ஒட்டுகிற ஒரு மரப்பட்டைத் தூளும் மூட்டையில் வரும். தண்ணீர் விட்டுப் பிசைந்து, பலகையில் வைத்து, மூங்கில் குச்சியில் உருட்ட வேண்டும். கை ஒட்டாமல் இருக்கக் கரித்தூளைத் தொட்டுத் தொட்டு உருட்டுவாள். அறை முழுக்கக் கரி. சோற்றில் கரி. பாயை உதறினால் கரி. அம்மாவின் கை எத்தனை தேய்த்தாலும் வெளுக்காது.

என் தங்கைக்கு அப்போது ஒன்பது மாதம். அவள் இருமினாள். முதலில் விட்டு விட்டு. பிறகு விடாமல். இருமி இருமி முகம் நீலமாகிவிடும். மூக்கைத் துடைத்தால் துணி கறுப்பாக வரும். ஆஸ்பத்திரியில் டாக்டர் அம்மாவின் கையைப் பார்த்தாராம்.

"இந்தத் தூசி ஆகாதும்மா. குழந்தையை வேற இடத்துல வை."

வேறு இடம் எங்கே இருக்கிறது. ஒரே அறை. அம்மா ஒரு வாரம் அவளை வாசலில் தொட்டில் கட்டிப் போட்டாள். ஆடி மாதம். காற்று. இருமல் கூடியது.

பிறகு ஒரு நாள் காலையில் பெரியம்மாவும் பெரியப்பாவும் கொள்ளேகாலிலிருந்து வந்தார்கள். பெரியம்மா அம்மாவின் அக்கா. பெரியப்பாவுக்குச் சொந்தமாக இரண்டு தறி, ஓட்டு வீடு, பின்னால் ஒரு மாடு. பிள்ளை மட்டும் இல்லை. கல்யாணமாகிப் பதினாறு வருஷம்.

பெரியவர்கள் பேசியது பாதிதான் என் காதில் விழுந்தது. அப்பா சுவர்ப் பக்கமே திரும்பிப் படுத்திருந்தார். பெரியம்மா மடியிலிருந்து ஒரு முடிச்சை எடுத்தாள். தறியில் மிஞ்சின பச்சைப் பட்டுத் துண்டு. அதற்குள் தவிடு.

"உன்ற மூத்தவளுக்குச் செஞ்ச மாதிரியே செஞ்சுபோடலாம் அம்மிணி. சும்மா தூக்கிட்டுப் போனா ஆகாது. தவிடு குடுத்து வாங்கினாத்தான் எனக்குத் தங்கும்."

அம்மா முறத்தை எடுத்தாள். தூசி தட்டினாள். தங்கையைப் படுக்க வைத்தாள். பெரியம்மா முடிச்சை அம்மா கையில் கொடுத்துவிட்டுத் தங்கையைத் தூக்கிக்கொண்டாள். பெரியப்பா கூரையைப் பார்த்தார். அவ்வளவுதான்.

நான் பக்கத்தில் சிரித்துக்கொண்டு நின்றேன். எனக்கு நடந்ததையே இப்போது கண்ணால் பார்க்கிறேன் என்று சந்தோஷம். எப்படி முடியும் என்று எனக்குத் தெரியும். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூடப் போய்க் கையாட்டிவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து கேட்டேன். "எப்பம்மா தவிடு திருப்பிக் குடுப்பே?"

"கொழாய்ல தண்ணி வந்துருச்சு. போய் வரிசைல நில்லு."

காப்பி குடிக்கிற நேரம் ஆயிற்று. ஒரு நாள் ஆயிற்று. ஒரு வாரம் ஆயிற்று. கொள்ளேகால் தூரம், அதனால் நேரம் ஆகும் என்று நினைத்துக்கொண்டேன்.

பள்ளிக்கூடத்தில் நான் கணக்கில் மட்டம். கன்னடத்தில் சொல்லிக் கொடுப்பார்கள், அதைத் தமிழில் நினைத்து, திரும்பக் கன்னடத்தில் எழுத வேண்டும். அதற்குள் மேஷ்ட்ரு பலகையை அழித்துவிடுவார். மேஷ்ட்ரு என்றால் வாத்தியார். ஒல்லியான மனுஷன். அடிக்க மாட்டார். அடிக்கிற அளவுக்கு உடம்பில் தெம்பு இல்லை.

தங்கை போன அடுத்த மாதமோ என்னவோ, அவர் தாளெ சொல்லிக் கொடுத்தார். போட்ட கணக்கு சரியா என்று திருப்பிப் போட்டுப் பார்ப்பதுதான் தாளெ. ஐம்பத்திரண்டிலிருந்து பதினேழைக் கழித்தால் முப்பத்தைந்து. சரியா? முப்பத்தைந்தோடு அதே பதினேழைக் கூட்டு. ஐம்பத்திரண்டு வந்தால் சரி. வராவிட்டால் தப்பு. பெருக்கினதை வகுத்துப் பார். வகுத்ததைப் பெருக்கிப் பார்.

எனக்கு அது பிடித்துப்போயிற்று. ஏன் என்று இப்போது சொல்லத் தெரிகிறது. என் நோட்டைப் பார்க்க வீட்டில் ஆள் இல்லை. அப்பா சுவரைப் பார்ப்பார். அம்மாவுக்குக் கணக்கு தெரியும், ஆனால் விரலில்தான் தெரியும். தாளெ தெரிந்தால் யாரையும் கேட்க வேண்டாம். நானே சரி பார்த்துக்கொள்ளலாம். ஒரு கழித்தல் போட்டுவிட்டு நாலு தடவை கூட்டிப் பார்ப்பேன். நாலு தடவையும் போன எண் அப்படியே வந்து நிற்கும். ஒரு சுழி குறையாது.

இன்னொரு நாள் ஒரு விளையாட்டு காட்டினார். ஒரு எண்ணை மனசில் நினைத்துக்கொள்ள வேண்டும். இரண்டால் பெருக்கி, ஆறைக் கூட்டி, வந்ததைச் சொன்னால், அவர் நினைத்த எண்ணைச் சொல்லிவிடுவார். நான் பதினாலு என்றேன். நாலு என்றார். சரிதான். எப்படி என்று எங்களையே கண்டுபிடிக்கச் சொன்னார். நான் பதினாலை இரண்டால் வகுத்து ஆறைக் கழித்தேன். ஒன்று வந்தது. மற்றவர்களுக்கும் கன்னாபின்னாவென்று வந்தது.

"நீங்க முதல்ல சாக்ஸ் போட்டு, அப்புறம் ஷூ போடுவீங்க. கழட்டும்போது எதை முதல்ல கழட்டுவீங்க?"

எங்களில் பாதிப் பேருக்குச் செருப்பே கிடையாது. அவர் எங்கள் காலைப் பார்த்தார். பிறகு தன் காலைப் பார்த்தார். அவர் செருப்பும் வார் அறுந்து கம்பி போட்டது.

"சரி, விடுங்க. கடைசியா செஞ்சதை முதல்ல அவிழ்க்கணும். முதல்ல செஞ்சதைக் கடைசியா அவிழ்க்கணும். அவ்வளவுதான்."

பதினாலில் ஆறு போனால் எட்டு. எட்டில் பாதி நாலு. நாலு வந்ததும் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இதைச் சொன்னால் சிரிப்பார்கள். என் பெண்ணிடம் ஒருமுறை சொன்னேன், சிரித்தாள்.

கடைசி பெஞ்சில் ஒருத்தன் எழுந்து, ஏழைப் பூஜ்யத்தால் பெருக்கினால் எப்படித் திருப்புவது என்று கேட்டான். மேஷ்ட்ரு கொஞ்ச நேரம் பலகையைப் பார்த்தார். அது திரும்பாது, உட்கார் என்றார். கிளாஸ் சிரித்தது. நானும் சிரித்தேன்.

அன்றிலிருந்து எனக்கு எதையும் திருப்பிப் பார்க்கிற வியாதி வந்தது. பின்னின சடையை அவிழ்த்துப் பின்னுவேன். குடத்துத் தண்ணீரை அண்டாவில் ஊற்றி, அண்டாவிலிருந்து குடத்துக்கு மொண்டு, அளவு சரியாக வருகிறதா என்று பார்ப்பேன். மடித்த பாயை விரித்து மடிப்பேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. ஒரு நாள் அவள் தண்ணீர் பிடிக்கப் போன நேரம் உருட்டி வைத்த ஊதுவத்திகளில் பத்துப் பதினைந்தை எடுத்துக் குச்சியிலிருந்து மாவை உருவினேன். குச்சி வெள்ளையாக வந்துவிட்டது. மாவையும் தூளாக்கிவிடலாம் என்று உள்ளங்கையில் வைத்து ஊதிக்கொண்டிருந்தேன். அம்மா வந்து பார்த்தாள்.

"என்னடி பண்றே?"

"தாளெ பாக்கறேன்."

"கொழச்ச மாவு மறுபடி பொடியாகுமாடி கிறுக்கி? அதுல தண்ணி சேந்து போச்சே." முதுகில் ஒன்று வைத்தாள். முதுகில் கரிக் கை பதிந்தது. அதைப் பார்த்துப் பால்காரம்மா சிரித்தாள்.

தவிட்டைக் கண்டுபிடித்தது அதற்குப் பிறகு. பள்ளிக்கூடத்தில் ரேஷன் கார்டு நம்பர் கேட்டார்கள். அம்மா உருட்டின ஊதுவத்திக் கட்டுகளை ஒப்படைக்கப் போயிருந்தாள். நான் டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். அம்மாவின் கல்யாணப் புடவைக்குள் கை விட்டபோது பச்சைப் பட்டு முடிச்சு தட்டுப்பட்டது. மூன்று மாதமாகியும் அப்படியே இருந்தது. அவிழ்த்துப் பார்த்தேன். தவிடு. நடுவில் காய்ந்த வேப்பிலை. ஒரு பூச்சி இல்லை, வண்டு இல்லை.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அப்பா படுத்துவிட்டார். எனக்குத் தவிடு கொண்டுபோனது அப்பாதான். தங்கைக்குக் கொண்டுபோக ஆள் இல்லை. அதனால்தான் தங்கை அங்கேயே இருக்கிறாள். இவ்வளவுதான் விஷயம். முடிச்சைக் கட்டி இருந்த இடத்தில் வைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

தை மாதத்தில் பெரியப்பா தபால் போட்டார். பிள்ளைக்கு மொட்டையடித்துக் காது குத்தப்போகிறோம், குலசாமி பேர் வைக்கப்போகிறோம், வந்துவிட்டுப் போங்கள் என்று. கடையில் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு வந்து அம்மா அதை மடித்து அடுப்பு மேடையில் வைத்தாள். இரண்டு நாள் கழித்து என்னிடம் பாவாடை துவைத்து வைக்கச் சொன்னாள். அப்பாவுக்கு அன்று ஒரு வேளை சோறு போட்டுக் கொடுக்கப் பால்காரம்மா ஒப்புக்கொண்டாள்.

நான் மனசுக்குள் கணக்கு போட்டேன். அன்றைக்கு என்னென்ன நடந்தது. முறத்தில் போட்டார்கள். தவிடு கொடுத்தார்கள். தூக்கினார்கள். பஸ் ஏறினார்கள். கடைசியில் செய்தது பஸ். அதை முதலில் திருப்ப வேண்டும். கொள்ளேகாலுக்குப் போக வேண்டும். அப்புறம் தவிட்டைக் கொடுக்க வேண்டும். அப்புறம் தூக்க வேண்டும். எல்லாம் சரியாக இருந்தது. முதல் நாளே முடிச்சை எடுத்துப் பாவாடை நாடாவில் செருகிக்கொண்டேன்.

காலை பஸ். கூட்டம். நரசீபுரம் தாண்டினதும் ஒரு குலுக்கலில் முடிச்சு நெகிழ்ந்து கொஞ்சம் சிந்திவிட்டது. அம்மா ஜன்னல் பக்கம் கண்ணை மூடியிருந்தாள். நான் குனிந்து, கால்களுக்கு நடுவில் கை விட்டு, அள்ள முடிந்த வரைக்கும் அள்ளினேன். ஒரு சிட்டிகை போயிருக்கும். யாரோ ஒருவர் செருப்பில் ஒட்டிக்கொண்டு இறங்கிப்போனது.

பெரியம்மா வீட்டில் பெரியப்பாவின் ஆட்கள் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். தறிக்குழியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு தங்கை நின்றாள். எனக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. கன்னம் வந்திருந்தது. பட்டுப் பாவாடை. தலையில் முடி அடர்ந்து கிடந்தது, அதைத்தான் எடுக்கப்போகிறார்கள்.

அம்மா வாசற்படியிலேயே நின்று கேட்டாள். "இருமுதாக்கா?"

"எங்க இருமுது? வந்த பத்து நாளோட சரி. ஒரு தும்மல் இல்ல."

அம்மா தலையை ஆட்டினாள். கையை நீட்டினாள். தங்கை அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு பெரியம்மாவின் காலைக் கட்டிக்கொண்டு புடவைக்குள் முகத்தை மறைத்துக்கொண்டாள்.

"கருத்துப் போயிட்டேன்ல. அதான் புள்ளைக்கு அடையாளம் தெரியல" என்று அம்மா சிரித்தாள். எல்லோரும் சிரித்தார்கள்.

கோயிலுக்குக் கிளம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தட்டுகளில் பழம், பூ, வளையல், துணி. நான் சமையல்கட்டுக்குப் போய் முறத்தைத் தேடி எடுத்தேன். முடிச்சை அவிழ்த்துத் தவிட்டைக் கொட்டினேன். கையால் ஒன்றாகக் குவித்தேன். கொண்டுவந்து பெரியம்மா முன்னால், தட்டுகளோடு வைத்தேன்.

"இதென்ன கண்ணு?"

"தவிடு பெரியம்மா. நீங்க குடுத்ததுதான்."

"எதுக்குச் சாமி?"

"திருப்பிக் குடுத்தாச்சு. பாப்பாவைக் குடுங்க. நாங்க கூட்டிட்டுப் போறோம்."

பெரியப்பாவின் தங்கை வாய்விட்டுச் சிரித்தாள்.

"அட, பத்தாயிரம் கணக்குப் போடுவா போலிருக்குதே இவ! அளந்து பாரு அண்ணி, குறையுதோ என்னமோ."

இன்னும் இரண்டு பேர் சிரித்தார்கள். பெரியம்மாவுக்கும் சிரிப்பு வந்தது. வந்தது பாதியில் நின்றது. குனிந்து முறத்திலிருந்து ஒரு இலையை எடுத்தாள். காய்ந்து சுருண்ட வேப்பிலை. அதை விரலில் வைத்துத் திருப்பிப் பார்த்தாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள்.

"வேப்பந்தழை போட்டு வச்சிருக்கறே."

அம்மா முந்தானையை இழுத்துச் செருகினாள்.

"அன்னிக்கு நான் குடுத்த தவிடு. அஞ்சாறு மாசம் பூச்சி புடிக்காம வச்சிருக்கறே. அப்ப நெனப்பு இருந்துருக்குது."

"அப்படியெல்லாம் இல்லக்கா."

"பின்ன எப்படி?"

"கோழிக்குப் போடலாம்னு எடுத்து வச்சேன். வண்டு வுளுந்துருமேன்னு தழையப் போட்டேன். மறந்துபோச்சு. இந்தக் கிறுக்கி எடுத்தாந்துட்டா."

"கோழிக்கு."

"ஆமாக்கா."

பெரியம்மா தங்கையைத் தூக்கினாள். இரண்டு கையாலும் அம்மாவுக்கு நேராக நீட்டினாள். தங்கையின் கால் அந்தரத்தில் ஆடியது. கொலுசு சத்தம் போட்டது.

"இங்க பாரு புள்ள. நான் உன்ற கால்ல வுளுந்து கேக்கல. நீதான் சொல்லி வுட்டே. வேணும்னா இப்பவே தூக்கிட்டுப் போ. தவிடு வந்துருச்சு, நான் மறுக்கக் கூடாது. ஆனா மொட்டையடிச்சு என்ற சாமி பேரை வச்சதுக்கப்புறம் வந்து நிக்காத. என்னால தாங்க முடியாது. இப்பவே சொல்லிப்போடு."

தங்கை அழுதாள். உடம்பை வில்லாக வளைத்துப் பெரியம்மா பக்கமே திரும்பினாள்.

அம்மாவின் கை எழுந்தது. இடுப்புக்கு மேலே வந்தது. நான் பார்த்தேன். எனக்கு உள்ளே குதித்தது. ஆயிற்று, வரிசை சரி, கணக்கு சரி, விடை வருகிறது என்று.

அந்தக் கை அப்படியே கீழே போயிற்று. குனிந்து முறத்தை எடுத்தது.

அம்மா முறத்தோடு பின்கட்டுக்குப் போனாள். நானும் பின்னால் ஓடினேன். மாட்டுத் தொட்டியில் கழுநீர் இருந்தது. அம்மா முறத்தைக் கவிழ்த்தாள். அடியைத் தட்டினாள். பின்னலின் இடுக்கில் ஒட்டியிருந்ததையும் நகத்தால் சுரண்டிப் போட்டாள். பிறகு முழங்கை வரைக்கும் கையை விட்டுக் கலக்கினாள். ரொம்ப நேரம் கலக்கினாள். மாடு வந்து அவள் கையைத் தள்ளிவிட்டுக் குடித்தது.

கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தாள். "நேரமாகுதுக்கா. கெளம்பலாம்" என்றாள்.

மொட்டையடித்தார்கள். காது குத்தினார்கள். பேர் வைத்தார்கள். மடியில் வைத்துக்கொள்ள அம்மாவைக் கூப்பிடவில்லை. அம்மாவும் முன்னால் போகவில்லை. பந்தியில் போட்டதையெல்லாம் சாப்பிட்டாள். எனக்கும் தள்ளிவிட்டாள். எப்போது அடி விழும் என்று நான் காத்திருந்தேன். விழவில்லை. அன்றும் விழவில்லை, பிறகும் விழவில்லை. அந்த விஷயத்தை அவள் பேசவே இல்லை.

பஸ் ஏற்றிவிடப் பெரியப்பா மட்டும் வந்தார். ஒரு சீப்புப் பழம் கொடுத்தார். "மனசுல வச்சுக்காத அம்மிணி. அவளுக்குப் பயம்" என்றார். அம்மா சரிங்க மாமா என்றாள்.

அதற்குப் பிறகு அங்கிருந்து தபால் வரவில்லை. நாங்களும் போகவில்லை. அடுத்து நான் தங்கையைப் பார்த்தபோது அவளுக்கு எட்டு வயது. அம்மாவைச் சித்தி என்றாள். அம்மா அவள் கையில் ஒரு பிஸ்கட் பாக்கெட்டைக் கொடுத்து, நல்லா படிக்கிறியா என்று கேட்டாள். இப்போது அவள் கொள்ளேகாலிலேயே டீச்சர். நன்றாக இருக்கிறாள். நான் ஏழாவதோடு நின்றுவிட்டேன். அப்பா இரண்டு வருஷம் படுத்திருந்து, பிறகு கோல் ஊன்றி நடந்தார். அம்மா இருமலில் போனாள். இதெல்லாம் பின்னால் நடந்தவை.

அன்று பஸ்ஸில் எனக்கு வேறு கவலை. கணக்கு எங்கே தப்பியது என்று பார்த்துக்கொண்டு வந்தேன். வரிசை தப்பவில்லை. செய்ததும் தப்பவில்லை. அப்படியானால் அளவுதான். பெரியப்பாவின் தங்கை சொன்னாளே, குறையுதோ என்னமோ என்று. பஸ்ஸில் சிந்தின அந்த ஒரு சிட்டிகை. அதுதான். ஒன்று குறைந்தாலும் தாளெ வராது. என் கவனக்குறைவால் தங்கை வரவில்லை. இதை அம்மாவிடம் சொல்லப் பயமாக இருந்தது. ரொம்ப வருஷம் சொல்லவில்லை. பிறகு சொல்ல அவசியம் இல்லாமல் போயிற்று.

பயத்தை மறைக்க வேறு ஏதாவது பேச வேண்டும் என்று தோன்றியது. நரசீபுரத்துப் பாலத்தில் பஸ் மெதுவாகப் போனது. கீழே ஆறு. அம்மா எப்போதும் ஜன்னல் பக்கம் எனக்கு விடமாட்டாள், தலையை வெளியே நீட்டுவேன் என்று. அன்று என்னை அங்கே உட்கார வைத்திருந்தாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு எனக்கு அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா."

"ம்."

"நம்ம வீட்ல கோழி இல்லையே."

அம்மா திரும்பவில்லை. பஸ் பாலத்தைத் தாண்டியது.

"இல்லதான்" என்றாள்.

அப்படியானால் இனிமேல்தான் வாங்கப்போகிறாள் என்று புரிந்துகொண்டேன். கோழி வந்தால் எங்கே அடைப்பது? அறையில் இடம் இல்லை. வாசலில் விட்டால் பால்காரம்மாவின் நாய் இருக்கிறது. அப்பாவின் கட்டிலுக்கு அடியில் ஒரு கூடை வைக்கலாம். இரண்டு கோழி என்றால் ஒரு கூடை போதும். மைசூர் வரும் வரைக்கும் அதையே யோசித்துக்கொண்டு வந்தேன்.